நானூற்று எண்பது கிராம்

வெங்கமேட்டில் அம்சவேணிக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. குளிர்க்கூடத்துக் காகிதங்களில் அவள் குளிர்வாயு மீட்புப் பணியாளர். தெருவில் கேஸ் புடுங்கி. முதல் பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

அன்று காலை பத்து மணிக்கு அவளுடைய மூன்று சக்கர வண்டி மூன்றாம் தெருவுக்குள் நுழைந்தபோது, ஒரு மாடியிலிருந்து சாணித் தண்ணீர் வந்து விழுந்தது. பாதி இயந்திரத்தின் மேல், பாதி அவள் தோளில். அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்தால் யாரென்று தெரிந்துவிடும், தெரிந்தால் புகார் எழுதிக் கொடுக்க வேண்டிவரும். துணியை எடுத்து முதலில் இயந்திரத்தைத் துடைத்தாள். பிறகுதான் தோளை.

"நான் போய் யாருன்னு பாக்கட்டுங்களா?" என்றார் பின்னால் நடந்து வந்த காவலர் பெரியநாயகம்.

"வேண்டாமுங்க. இந்தத் தெருவுல ஒரு வண்டிதான் பாக்கி. அதைப் பாப்போம்."

ஏசி வாயு செய்கிற ஆலைகளை உலகமெங்கும் மூடிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. இனிப் புதிதாக ஒரு கிராம்கூட வரப்போவதில்லை, இருப்பதைத்தான் சுற்றிச் சுற்றிப் புழங்க வேண்டும். வெயில் மட்டும் நிற்கவில்லை. வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சித்திரையிலும் வைகாசியிலும் காற்றில் ஈரம் ஏறி, வியர்வை காயாமல் உடம்பிலேயே நிற்கும் நாட்கள் சில வரும். அதை ஈரவெக்கை என்றார்கள். அந்த நாட்களில் ஊருக்குள் சங்கு ஊதும். சங்கு ஊதிய பிறகு வெளியே நின்றுபோன கிழவர்களும் நோயாளிகளும் சாயங்காலத்துக்குள் ஓய்ந்துபோவார்கள். அவர்களுக்காகத்தான் பழைய ஜவுளிக் கிடங்கு ஒன்றைக் குளிர்க்கூடமாக மாற்றியிருந்தார்கள். முந்நூறு பேர் பாய் விரித்துப் படுக்கலாம். அங்கே இருந்த இரண்டு பெரிய இயந்திரங்களுக்கும் வாயு வேண்டும். ஒரு சொந்தக் காரில் அரைக் கிலோ கிடைக்கும். ஊரில் உள்ள கார்களையெல்லாம் கறந்தால் கூடம் ஒரு வருடம் ஓடும்.

போன வருடம்வரை விருப்பமுள்ளவர்கள் கொடுத்தால் போதும் என்று இருந்தது. இந்த வருடம் சட்டமாகிவிட்டது.

சென்னியப்பன் வீட்டு வாசலில், டயரில் காற்றில்லாமல் தரையோடு படிந்து, ஒரு பழைய மின்கார் நின்றது. கூரையின் மேல் சூரியத் தகடு. கண்ணாடிகளுக்குள் பழைய சேலைகளைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். உள்ளே ஏசி ஓடும் சத்தம் கேட்டது. அவள் இங்கே வருவது மூன்றாவது முறை. முதல் முறை சாவி தொலைந்துவிட்டது என்றார். இரண்டாம் முறை வாசலில் நாயை அவிழ்த்துவிட்டிருந்தார். இன்று நாய் கட்டிக்கிடந்தது. காவலரைப் பார்த்துவிட்டுக் கட்டியிருப்பார்.

"வந்துட்டீங்களாக்கும்" என்றார் சென்னியப்பன். ஐம்பத்தைந்து வயது, ஒல்லியான ஆள். பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். கார்க் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு நகரவில்லை.

"நாளைக்குச் சங்கு ஊதும்னு சொல்லியிருக்குதுங்க. கூடத்துல ரெண்டாவது மெசினுக்கு இன்னும் மூணு கிலோ கொறையுது. நகருங்க."

"உள்ளாற ஆள் இருக்குது."

"தெரியுமுங்க. உங்க தங்கச்சி. அவங்களுக்குக் கூடத்துல எடம் எழுதி வெச்சிருக்குது. எடம் இருக்கறப்ப யாருக்கும் விலக்குக் குடுக்க முடியாது."

"எடம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார் அவர். "அம்மிணி, அவ ஒடம்புல முக்காவாசி வெந்த தோலு. வெந்த தோலு வேர்க்காது. வேர்க்காத ஒடம்பு ஆறாது. உங்களுக்கும் எனக்கும் சங்கு ஊதறப்பத்தான் சாவு. அவளுக்குச் சும்மா ஒரு பங்குனி வெயிலே போதும்."

"அதுக்குத்தானுங்களே கூடம்."

"கூட்டிட்டுப் போனேன், ரெண்டு வருசத்துக்கு முன்னால. பக்கத்துல படுத்திருந்தவங்க பாயைத் தள்ளிப் போட்டாங்க. ஒரு அம்மா கொழந்தை கண்ணைப் பொத்துச்சு. அப்புறம் உங்க ஆளு ஒருத்தரு வந்து, மூலையில துணி கட்டித் தாறோம், அதுக்குள்ளயே இருந்துக்கோணும்னாரு. அடுத்த தடவை சங்கு ஊதுனப்ப ஊட்டுக்குள்ள போயித் தாப்பாளப் போட்டுக்கிட்டா. கதவை ஒடச்சுத்தான் தூக்குனேன்."

பதில் தெரியாத இடங்களில் சட்டத்தைப் பேசுவது என்று அம்சவேணி பழகியிருந்தாள். "அதையெல்லாம் மனுவா எழுதிக் குடுங்க. இப்ப பேனட்டைத் தெறங்க. நீங்க தெறக்கலீன்னா அவரு தெறப்பாரு."

பெரியநாயகம் தெருமுனைப் புங்கமரத்து நிழலில் போய் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது அடி தள்ளி. கூப்பிட்டால் வருவார்.

சென்னியப்பன் அவளையும் மரத்தடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கார்ச் சன்னலில் இரண்டு தட்டுத் தட்டி, "வசந்தா, செத்த நேரம் ஏசியை நிறுத்து" என்றார். பேனட்டைத் தூக்கி முட்டுக்கொடுத்துவிட்டு நாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

உறிஞ்சுவதற்கு முன் வாயுவைச் சோதிக்க வேண்டும். அதற்கென்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது. மோப்பப் பெட்டி என்பார்கள். நீலக் குழாயின் ஒரு முனையை ஏசிக் குழாயின் வாயில் மாட்டி, மறு முனையைப் பெட்டியில் சொருகினால், ஒரு நிமிடத்தில் உள்ளே இருப்பது என்ன என்று சொல்லிவிடும். பச்சை என்றால் எடுக்கலாம். குழாயை மாட்டும்போது புஸ்ஸென்று கொஞ்சம் கசிந்தது. அந்த வாடை அவளுக்குத் தெரிந்ததுதான். எல்லாருடைய சமையலறையிலும் உள்ள வாடை.

பெட்டியில் சிவப்பு எரிந்தது. எரிவாயு, நாற்பத்து நான்கு சதவீதம்.

அவள் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வருடம் மோப்பப் பெட்டி கிடையாது. நாற்பது பேர் விரும்பிக் கொடுத்த வாயுவை ஒரே தொட்டியில் ஊற்றி, அதை இரண்டாவது இயந்திரத்தோடு இணைத்தார்கள். சமையல் வாயு கலந்த ஏதோ ஒரு காரின் வாயுவும் அதில் சேர்ந்துவிட்டது. சங்கு ஊதிய நாளில், நட்டநடு மத்தியானம், பாதுகாப்புக் கருவி எரிவாயுவைக் கண்டதும் இயந்திரம் தன்னாலேயே நின்றது. மூன்று மணி நேரம் யாராலும் ஓட்ட முடியவில்லை. ஒன்பது பேர் செத்தார்கள். ஒன்பதாவது, அவளுடைய கணவன் முத்துரத்தினம். இயந்திர அறைக்கு ஏறும் படிக்கட்டில் விழுந்துகிடந்தான். மூச்சு முட்டிக் காற்றுக்காக மேலே ஏறியிருப்பான் என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் சாயப்பட்டறை வேலையை விட்டுவிட்டு இந்த வேலையைக் கேட்டு வாங்கினாள். கலப்படம் செய்தவனுக்கு ஏழு வருடம் சிறை என்று சட்டம் வந்தது. அந்த ஒருவன் இந்த ஊரில்தான் எங்கேயோ ஒரு பேனட்டுக்குப் பின்னால் இருக்கிறான் என்று ஒவ்வொரு வண்டியிலும் குழாயை மாட்டினாள். முந்நூற்றுப் பதினேழு வண்டிகள் பச்சை.

"நீங்கதானா அது" என்றாள்.

சென்னியப்பன் நிமிரவில்லை.

"சமையல் கேஸைக் கலந்து வெச்சா மெசின் எடுக்காது, வண்டி நம்மளுக்கே நின்னுக்கும்னு கணக்குப் போட்டீங்க. போன வருசமும் இப்படித்தான் எவனோ கலந்தான். ஒம்பது பேரு. அதுல ஒருத்தரு எங்கூட்டுக்காரரு. உங்களுக்குத் தெரியாததில்லை, சாவுக்கு வந்திருந்தீங்க. வாசல்ல நின்னுட்டு உள்ளகூட வராமப் போனீங்க. எதுக்குன்னு இப்பத் தெரியுது."

அவர் நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டினால் திருப்பித் திட்டுகிற ஆள். இப்போது வாயே திறக்காதது அவளுக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது. மரத்தடியைப் பார்த்துத் திரும்பினாள்.

கார்க் கண்ணாடி இறங்கியது.

"எங்கண்ணனை விடுங்க" என்றது உள்ளிருந்து ஒரு குரல். "அவருக்கு ஒரு திருகாணி கழட்டத் தெரியாது."

வசந்தாமணியை அம்சவேணி அதற்கு முன் பார்த்ததில்லை. கழுத்திலிருந்து இடது கன்னம்வரை தோல் மெழுகு உருகி இறுகியதுபோல் இருந்தது. இடது காது இல்லை. கண்கள் இரண்டும் நன்றாக இருந்தன. அந்தக் கண்கள் அவளைக் கொஞ்சமும் தயவில்லாமல் பார்த்தன.

"அப்ப யாரு ஊத்துனாங்க?"

"வேண்டாம் வசந்தா" என்றார் சென்னியப்பன்.

"கொலைகாரன்னு சொல்றாங்க, கேட்டுட்டு உக்காந்திருக்கீங்க. எனக்கு முடியலீங்கண்ணா." அவள் அம்சவேணியைப் பார்த்தாள். "ஊத்துனது உங்கூட்டுக்காரருங்க."

"செத்த மனுசன் மேல பழி போடாதீங்க."

"பழியில்லீங்க. கேஸு கெடைக்காம எங்க வண்டி ஏசி நின்னுபோச்சு. நாந்தான் அவரைக் கேட்டேன். சமையல் கேஸு ஊத்தினாலும் குளிரும்னாரு. ஆனா ஒடனே ஊத்தலை. அடுத்தவங்க வண்டியில ஊத்தறதுக்கு முன்னாடி என் வண்டியில ஊத்திப் பாக்கறேன்னு சொன்னாரு. ரெண்டு மாசம் ஓட்டிப் பாத்தாரு. கசியலை, குளிருதுன்னு தெரிஞ்ச பொறவுதான் எனக்கு ஊத்துனாரு. கையில ஒண்ணும் வாங்கிக்கலை."

முத்துரத்தினம் கார் ஏசி மெக்கானிக். அவன் அப்படித்தான் செய்வான் என்பது அவளுக்கு உடனே தெரிந்தது. அது தெரிந்த பிறகு, அடுத்தது தெரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எந்த வண்டியில?" என்றாள். "எங்க வண்டியிலயா?"

வசந்தாமணி ஆமாம் என்று தலையசைத்தாள்.

போன சித்திரையில் முத்துரத்தினம் ஒரு வேலையாகத் திண்டுக்கல் போயிருந்தான். கூடத்திலிருந்து ஆட்கள் தெருத்தெருவாக வந்து கேட்டார்கள். யாரும் முன்வரவில்லை. அம்சவேணிதான் முதலில் சாவியை எடுத்துக்கொடுத்தாள். அவன் வந்தால் சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள். தராசு நானூற்று எண்பது கிராம் காட்டியது. அவளைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். 'முதல் கொடை' என்று எழுதி அந்தப் படத்தைக் கூடத்து வாசலில் மாட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் மற்ற முப்பத்தொன்பது பேரும் வந்தார்கள்.

"நீங்க குடுத்தது அவருக்கு ஆறு நாளு தெரியலை" என்றார் சென்னியப்பன். இப்போதும் அவளைப் பார்க்கவில்லை. "ஊருக்கு வந்ததே சங்கு ஊதுன அன்னைக்குத்தான். வண்டியில ஏசி போட்டிருக்காரு, காத்து வரலை. உங்களுக்குப் போன் பண்ணாரா?"

"பண்ணாரு. சாயப்பட்டறையில இருந்தேன். நம்ம கேஸைக் கூடத்துக்குக் குடுத்துட்டேன்னு சொன்னேன். சரின்னாரு." அவள் நிறுத்தினாள். "சரி வேணின்னு மட்டும் சொன்னாரு."

"நேரா இங்கதான் வந்தாரு. மெசின் நிக்கும், அந்தத் தொட்டியைத் தனியாப் பிரிச்சு மூடிட்டா மெசின்ல முன்னாடியே இருந்த கேஸை வெச்சு ஓட்டிப்புடலாம், ஒரு ஆளு கூட இருந்தா ஆகும், வாங்கன்னாரு. சங்கு ஊதிட்டு இருந்துது. இவளை உட்டுட்டு எப்படி வாறதுன்னு நான் போகலை." அவர் நாயின் பட்டையை விட்டார். "போறப்ப ஒண்ணு சொன்னாரு. வேணிக்கு இது தெரியக்கூடாது, அவ தாங்க மாட்டான்னு. இந்தத் தெருவுல நாலு பேருக்குத் தெரியும். ஒருத்தரும் வாயைத் தெறக்கலை. நீங்க வந்து வந்து கேஸைப் புடுங்கிட்டு, கலப்படக்காரன் நாசமாப் போகோணும்னு வாசல்ல நின்னு சாபம் உடுவீங்க. நாங்க கேட்டுக்குவோம். சாணித் தண்ணி ஊத்துனது வேற எதுக்குன்னு நெனைச்சீங்க?"

அம்சவேணி இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் காற்றுக்காகப் படியேறவில்லை. மேலே போய்த் தனியாக அந்தத் தொட்டியைக் கழற்றப் பார்த்திருக்கிறான். அந்த வெக்கையில், தகரக் கூரைக்குக் கீழே.

"அம்சவேணி," பெரியநாயகம் மரத்தடியிலிருந்து குரல் கொடுத்தார். "பச்சையா, சிவப்பா?"

அவள் பெட்டியைக் குழாயிலிருந்து பிடுங்கினாள். சிவப்பு அணைந்தது.

"காலிங்க" என்று சத்தமாகச் சொன்னாள். "ஒண்ணுமில்லை. வெறும் விசிறிதான் ஓடுது."

காலி என்றால் வண்டியில் மஞ்சள் ஒட்டுத்தாள். மஞ்சள் ஒட்டிய வண்டியை அதன் பிறகு யாரும் திறந்து பார்ப்பதில்லை. காவலர் தலையாட்டிவிட்டு ஒட்டுத்தாளைத் தேடிப் பையைத் துழாவினார்.

அவள் பைக்குள்ளிருந்து சோப்புக் கரைசலை எடுத்து, ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பார்த்தாள். ஓரிடத்தில் சின்னதாக நுரை கட்டியது. குழாய் வாயின் உள்ளே இருக்கும் ஊசி தேய்ந்திருந்தது. புதிது போட்டு மூடியை இறுக்கினாள். மறுபடி தடவினாள். நுரை வரவில்லை.

"கண்ணாடியை ஒரு வெரக்கடை எறக்கியே வெச்சிருங்க" என்றாள் வசந்தாமணியிடம். "வண்டிக்குள்ள வெளக்கு, ஊதுபத்தி, தீக்குச்சி எதுவும் கூடாது. வாடை அடிச்சா எறங்கிருங்க." பிறகு கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டாள். "சிலிண்டர் வெடிச்சுத்தான் உங்களுக்கு இப்படி ஆச்சுன்னு கேள்விப்பட்டேன். அதையே போயி ஊத்தச் சொன்னீங்களா?"

"எரியறது ஒரு நிமிசமுங்க" என்றாள் வசந்தாமணி. "வேகறது பகல் பூராவும்." கண்ணாடி ஏறியது. ஒரு விரல்கடை விட்டு நின்றது.

சென்னியப்பன் பேனட்டை இறக்கி அடித்து மூடினார். "முடிஞ்சுதுன்னா கெளம்புங்க" என்றார்.

கூடத்துப் பொறுப்பாளர் நல்லசிவம் அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். சென்னியப்பன் பெயரை அவள் சொல்லவில்லை. தன் கார், தன் கணவன், நானூற்று எண்பது கிராம், அவ்வளவுதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வேற யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"இல்லீங்க. எழுதிக் குடுக்கறேன். என்ன தண்டனையோ குடுங்க."

"யாருக்குக் குடுக்கறது? கலந்தவரு செத்துட்டாரு. உங்களுக்குத் தெரியாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குச் சங்கு ஊதுது. ஊருக்குள்ள இன்னும் நூத்தம்பது வண்டி பாக்கி. வாசல்ல உங்க படம் தொங்குது. முதல்ல குடுத்த கேஸுதான் ஒம்பது பேரைக் கொன்னுச்சுன்னு தெரிஞ்சா எவன் பேனட்டைத் தெறப்பான்? ரெண்டாவது மெசின் நின்னா நாளைக்கு எத்தனை பேருங்க? நீங்களே சொல்லுங்க."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் கேட்டதும் தப்பான கேள்வியில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"அந்தப் படத்தையாவது எடுத்துருங்க."

"வைகாசி முடியட்டும்" என்றார் நல்லசிவம்.

வெளியே வரும்போது வாசலில் தன் படத்தைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. அதற்குக் கீழே கல்லில் ஒன்பது பெயர்கள் வெட்டியிருந்தார்கள். கடைசிப் பெயரை விட்டுவிட்டு மற்ற எட்டையும் படித்தாள். எட்டு வீடும் அவளுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், சரி. எட்டு வீட்டுக்கும் சொல்லாமல் இருப்பதற்கு அவளால் ஒரு காரணமும் கண்டுபிடிக்க முடியவில்லை. இயந்திரத்தைக் கொட்டகையில் விட்டுவிட்டு நடந்தே போனாள்.

முதல் வீடு பசுபதிபாளையத்தில். பாவாயியின் வீடு. செத்தவர்களில் ஒருத்தி அவளுடைய மகள், பத்தொன்பது வயது, இளைப்பு நோய். வருட நினைவு நாளில் பாவாயி அம்சவேணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் அழுதாள். கலந்தவன் குடும்பம் மண்ணாகப் போக வேண்டும் என்று இருவரும் சேர்ந்தே சொன்னார்கள்.

வெயில் தாழ்ந்திருந்தது, புழுக்கம் ஏறிக்கொண்டிருந்தது. பாவாயி வாசலில் பாய் நனைத்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

"வா வேணி. எங்க வண்டிதான் போன வாரமே ஆயிப்போச்சே?"

"எடுக்க வரலீங்க்கா. ஒண்ணு சொல்லோணும்."

உள்ளே கூப்பிடுவதற்குள் சொல்லத் தொடங்கிவிட்டாள். உள்ளே போய் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டால் சொல்ல முடியாது என்று பயந்தாள். சாவி கொடுத்தது, தராசு, படம், திண்டுக்கல், படிக்கட்டு. நடுவில் எங்கேயும் அழவில்லை. சொல்லி முடித்தபோது பாவாயியின் கையிலிருந்த பாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பாவாயி அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பாயைக் கீழே போட்டாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்குள் திரும்பி, "ஏனுங்க, இங்க வாங்க" என்றாள்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. மெதுவாகச் செருப்புச் சத்தம் வந்தது. பாவாயியின் கணவர் சட்டையில்லாமல் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்சவேணியைப் பார்த்து, வாங்க என்பதுபோலத் தலையசைத்தார்.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள் பாவாயி. அவள் அம்சவேணியை நீங்க என்று சொன்னது அதுதான் முதல் முறை. "ஒண்ணும் உடாமச் சொல்லுங்க. இவரும் கேக்கட்டும்."

அம்சவேணி முதலிலிருந்து தொடங்கினாள்.